மடி இருக்கும்போது கார் சீட் எதற்கு? – தாதியக்கா பதில்கள்

தீபாவளிப் பயணம் நெருங்குகிறது. இந்த மாதம் எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், கைக்குழந்தையைக் காரில் எப்படிக் கூட்டிப்போவது என்றுதான் கேட்கின்றன. பினாங்கில் குழந்தைகள் வார்டில் 32 வருஷம் தாதியாக வேலை பார்த்தவள் நான். அந்த வார்டில் பார்த்ததை மனசில் வைத்துக்கொண்டு இந்தக் கடிதங்களை ஒதுக்கிவைக்க என்னால் முடியாது. அதனால் இந்த இதழில் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

கேள்வி: மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். எங்களிடம் இருப்பது மைவி என்ற சிறிய கார். கார் சீட் வாங்கலாம் என்றால் அம்மா, "உன்னையெல்லாம் நான் மடியில் வைத்துத்தானே வளர்த்தேன், எதற்குக் காசைக் கரியாக்குகிறாய்?" என்கிறார். கடையில் 300 வெள்ளி (ரிங்கிட்) விலையிலும் இருக்கிறது, 2,000 வெள்ளியிலும் இருக்கிறது. எதை வாங்குவது? அம்மாவுக்கு என்ன சொல்வது?
– வாசகர், புக்கிட் மெர்தாஜம்

பதில்: முதலில் அம்மாவுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. அவர் சொல்வதில் பொய் இல்லை. 1991இல் என் மகளைப் பெற்று வீட்டுக்கு வந்தபோது நானும் மடியில் வைத்துத்தான் வந்தேன். முன் சீட்டில் உட்கார்ந்து, பினாங்குப் பாலத்தின் மேல், கொட்டுகிற மழையில். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு எங்களுக்கு முன்னால் போனவர் யாரும் சட்டென்று பிரேக் போடவில்லை. அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன், அம்மாவிடம் காட்டுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தை நாம் வேகமென்றே நினைப்பதில்லை. ஜாலான் ராஜா ஊடாவில் நெரிசல் இல்லாத நேரத்தில் எல்லாரும் போகிற வேகம்தான். அந்த வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றுவிட்டால், உள்ளே கட்டாமல் இருக்கிற எல்லாமே தன் எடையைப்போல ஏறக்குறைய 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 5 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 100 கிலோ. கடையில் வாங்குகிறோமே 10 கிலோ அரிசிப் பை, அதில் பத்துப் பையை யாராவது ஒரே வீச்சில் நம் கையிலிருந்து பிடுங்கினால் எப்படியோ, அப்படி. எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. பாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

1998இல், தீபாவளிக்கு முந்தின வாரம், ஒன்பது மாதக் குழந்தை ஒன்று எங்கள் வார்டுக்கு வந்தது. பெரிய விபத்து இல்லை. சந்திப்பில் திரும்பும்போது லாரியின் பின்னால் முட்டியிருக்கிறார்கள். தாய்க்கு ஒரு கீறல்கூட இல்லை. கட்டிலின் ஓரத்தில் நின்றுகொண்டு இரண்டு கையையும் விரித்து, தன் கையையே பார்த்தபடி, "நான் இறுக்கமாகத்தான் பிடிச்சிருந்தேன் மிஸ்ஸி, இறுக்கமாகத்தான் பிடிச்சிருந்தேன்" என்று விடியவிடியச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பிடித்திருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் குழந்தைக்கு இன்றைக்கு இருபது வயது தாண்டியிருக்க வேண்டும். இல்லை. இதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை. உங்கள் அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்.

தாயும் பிள்ளையும் சேர்ந்து ஒரே பெல்ட்டைப் போட்டுக்கொள்வதையும் பார்க்கிறேன். அது இன்னும் மோசம். மோதும்போது பெரியவரின் எடை முழுவதும் குழந்தையை பெல்ட்டோடு சேர்த்து நசுக்கும்.

நம் மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தனியார் கார்களில் குழந்தைகளுக்குக் கார் சீட் கட்டாயம். அம்மா சட்டத்துக்குக் கட்டுப்படுகிறவர் என்றால் இதுவே போதும்.

இனி எதை வாங்குவது என்பது. விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் முத்திரையைப் பாருங்கள். கார் சீட்டின் பின்புறத்திலோ அடியிலோ ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒரு வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். 1 என்றால் ஜெர்மனியில் அங்கீகாரம் வாங்கியது, 4 என்றால் நெதர்லாந்தில். எண் எதுவானாலும் பரவாயில்லை. கூடவே ஆர்44/04 என்றோ ஆர்129 என்றோ அச்சிட்டிருக்க வேண்டும். இரண்டும் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் விதிகள். ஆர்44 பழையது, எடையை வைத்துப் பிரிக்கிறது: பிறந்ததிலிருந்து 13 கிலோவரை ஒரு பிரிவு, 9 முதல் 18 கிலோவரை அடுத்த பிரிவு என்று போகும். ஆர்129 புதியது, 2013இல் வந்தது, குழந்தையின் உயரத்தை வைத்துப் பிரிக்கிறது. பக்கவாட்டில் இடித்தால் தலைக்கு என்ன ஆகும் என்பதையும் அதில் சோதிக்கிறார்கள். கைக்கு எட்டுகிற விலையில் ஆர்129 கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் முத்திரையுள்ள ஆர்44 சீட்டை மனசு உறுத்தாமல் வாங்கலாம். 2,000 வெள்ளியில் கூடுதலாகக் கிடைப்பதில் நிறைய துணியும், சுழலும் அடிப்பாகமும்தான். 300 வெள்ளி சீட்டை ஒழுங்காகக் கட்டினால், ஏனோதானோ என்று கட்டிய 2,000 வெள்ளி சீட்டைவிட அது உங்கள் பிள்ளையை நன்றாகக் காக்கும்.

இணையக் கடைகளில் 30, 40 வெள்ளிக்கு ஒன்று விற்கிறார்கள். திண்டு மாதிரி துணி, அதில் நாலு பட்டை தைத்திருக்கும். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். அது கார் சீட்டே இல்லை.

கைப்பிடி வைத்த கூடை மாதிரி வருவது ஏறக்குறைய ஒரு வயதுவரைதான் ஆகும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பிறந்த குழந்தையிலிருந்து 18 கிலோவரை தாங்குகிற, பின்னோக்கியும் (குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி) முன்னோக்கியும் வைக்கக்கூடிய சீட்டை வாங்குங்கள். பிறந்த குழந்தைக்கென்று உள்ளே வைக்கிற மெத்தை அதனுடன் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய சீட் என்றால் பணம் கட்டுவதற்கு முன்பு கடை வாசலில் உங்கள் காரிலேயே வைத்துப் பார்க்க விடச் சொல்லுங்கள். சிறிய காரில் பின்னோக்கி வைத்தால் முன் சீட்டை எவ்வளவு தள்ள வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

உங்கள் மைவி எந்த வருஷத்தியது என்று எழுதவில்லை. 2017 கடைசியில் வந்த மூன்றாம் தலைமுறை மைவி என்றால் பின் சீட்டின் இரண்டு ஓரத்திலும் ஐசோஃபிக்ஸ் வளையம் இருக்கும். சாயும் பகுதியும் உட்காரும் பகுதியும் சேருகிற இடுக்கில் விரலை விடுங்கள், இரும்பு தட்டுப்படும். கார் சீட்டின் கொக்கி அதில் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். பழைய கார் என்றாலும் கவலை வேண்டாம், காரின் பெல்ட்டை வைத்தே கட்டலாம். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் கார்களின் பெல்ட் மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும், வெடுக்கென்று இழுத்தால்தான் பூட்டும். அதனால் கட்டி முடித்த சீட் நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். பெல்ட்டைப் பிடித்து நிறுத்துகிற கிளிப் கார் சீட்டிலேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கட்டும்போது ஒரு முழங்காலை சீட்டுக்குள் ஊன்றி, உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்தியபடி பெல்ட்டை இழுங்கள். பிறகு பெல்ட் போகிற இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசைந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள். முதல் தடவை அரை மணி நேரம் ஆகும். அதனால்தான் பிரசவத்துக்கு முன்பே செய்யச் சொல்கிறேன்.

வைக்கவேண்டிய இடம் பின் சீட்தான். உங்கள் காரில் இடது ஓரம் நல்லது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிற நாடு, நிறுத்தியதும் பிள்ளையைச் சாலை ஓரமாகவே இறக்கலாம். முன் சீட்டில் ஏர்பேக் இருந்தால், பின்னோக்கிய கார் சீட்டை அங்கே ஒருபோதும் வைக்கக்கூடாது. ஏர்பேக் கண் இமைப்பதற்குள் விரிந்து, குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கிற சீட்டின் முதுகில் இடியாக இறங்கும்.

சாய்வு பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 45 டிகிரி இருக்க வேண்டும். நிமிர்ந்து இருந்தால் தலை முன்னால் கவிழ்ந்து, முகவாய் மார்பில் ஒட்டி, மூச்சுக்குழல் மடங்கிவிடும். பிறந்த குழந்தைக்குத் தலையைத் தூக்கிக்கொள்ளத் தெரியாது, சத்தமும் போடாது. சீட்டின் பக்கவாட்டில் சாய்வைக் காட்டுகிற கோடோ குமிழோ இருக்கும். அதைப் பார்க்கும்போது கார் சமதரையில் நிற்க வேண்டும். பாயா தெருபோங் மாதிரி மேட்டில் நிறுத்திவிட்டுப் பார்த்தால் எல்லாம் தப்பாகத்தான் காட்டும்.

கடைசியாகப் பட்டை. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற அன்றைக்குக் குழந்தையைத் துணியில் இறுக்கச் சுற்றிக் கொடுப்பார்கள். அந்தச் சுற்றோடு சீட்டில் வைக்கக்கூடாது, கால்களுக்கு நடுவே பட்டை போக வழி இருக்காது. சட்டையும் காலுறையும் போதும். பட்டையைப் பூட்டிய பிறகு துணியை மேலே போர்த்துங்கள். பின்னோக்கிய சீட்டில் தோள்பட்டைகள் குழந்தையின் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழேயிருந்தோ வர வேண்டும். முறுக்கு இருக்கக்கூடாது. இறுக்கியதும் தோள் பக்கத்தில் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு அகப்பட்டால் இன்னும் தளர்வாக இருக்கிறது. விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரி.

கேள்வி: என் பேரனுக்கு நாலு மாதம். கார் சீட்டில் வைத்ததுமே வீரிட்டு அழுகிறான். ஆயர் ஈத்தாமிலிருந்து பட்டர்வொர்த் வருவதற்குள் தொண்டை கட்டிப்போகிறது. பாலத்தில் நெரிசலில் கார் ஊர்ந்துகொண்டுதானே இருக்கிறது? அந்த நேரம் மட்டுமாவது எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் என்ன? மருமகள் கூடவே கூடாது என்கிறாள்.
– ஒரு பாட்டி, ஆயர் ஈத்தாம்

பதில்: மருமகள் சொல்வதுதான் சரி, அம்மா. அழுகிற பேரனைப் பார்த்துக்கொண்டு கை கட்டி உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நெரிசலில் உங்கள் கார் ஊர்கிறது என்பதால் பின்னால் வருகிற லாரியும் ஊர்ந்துதான் வரும் என்று யார் சொல்ல முடியும்? நின்றுகொண்டிருக்கிற வரிசையின் வாலில் வந்து முட்டுகிற விபத்து நெடுஞ்சாலையில் புதிதில்லை.

பிள்ளை அழுவதற்குக் காரணம் இருக்கும், அதைத் தேடுவோம். போன மாதம் என் அண்ணன் மகள் இதே புகாரோடு வந்தாள். ஐந்து மாதப் பெண் குழந்தை, சீட்டில் வைத்தால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தியது. பக்கிளைக் கழற்றி, சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த தாயத்து சரியாக பக்கிளுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, தொப்புளுக்குக் கீழே செக்கச்செவேலென்று தடம் பதித்திருந்தது. தாயத்தைச் சுற்றி முதுகுப் பக்கம் தள்ளினால் அங்கேயும் குத்தும். பயணத்துக்கு மட்டும் கழற்றிப் பைக்குள் போடச் சொன்னேன். அன்று மாலையே குழந்தை பேசாமல் உட்கார்ந்து வந்ததாகச் செய்தி அனுப்பினாள். உங்கள் பேரனுக்கும் இடுப்பு, கைமுட்டி, தொடை இடுக்கு எல்லாம் பாருங்கள். வளையல், வசம்புக் கயிறு, சட்டையின் பின்பக்கப் பொத்தான் எதுவும் அழுத்தலாம்.

சூடும் ஒரு காரணம். பின்னோக்கிய சீட்டுக்குள் குளிர்காற்று நேராகப் போகாது. முன்னால் இருக்கிற உங்களுக்குக் குளிரும், பிள்ளைக்கு முதுகெல்லாம் வியர்த்திருக்கும். முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே கையை விட்டுப் பாருங்கள். புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, நாப்கின் மாற்றிவிடுங்கள். ஓடுகிற காரில் புட்டிப்பால் கொடுக்க வேண்டாம், புரையேறினால் தூக்க முடியாது.

நீங்கள் பின் சீட்டில் அவனுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், உங்கள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு. அவன் உள்ளங்கையில் உங்கள் சுண்டுவிரலை வையுங்கள். தெரிந்த தாலாட்டைப் பாடுங்கள். பாலத்தில் ஏறுவதற்கு முன்பே அழுகை முற்றிவிட்டால் ஓர் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தி, எடுத்துத் தோளில் போட்டுத் தட்டி, பிறகு மறுபடி கட்டுங்கள். பாலத்தின் நடுவில் நிறுத்த இடம் கிடையாது, 13 கிலோமீட்டரையும் தாண்டித்தான் ஆக வேண்டும். அழுதுகொண்டு வந்த பிள்ளை திடீரென்று அடங்கிப்போனால் மட்டும் உடனே முகத்தைப் பாருங்கள். முகவாய் மார்பில் ஒட்டாமல் இருந்தால் தூங்கிவிட்டான், நிம்மதி.

கேள்வி: அக்காவின் மகன் உட்கார்ந்த கார் சீட்டை எனக்குத் தருகிறேன் என்கிறார். ஐந்து வருஷம் ஆகிறது. வாங்கிக்கொள்ளலாமா? இணையத்தில் இன்னும் புதிது மாதிரி 100 வெள்ளிக்கும் கிடைக்கிறது.
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: அக்கா தருவதை வாங்குங்கள், தங்கச்சி. முகம் தெரியாதவர் விற்பதை வேண்டாம். சீட் விபத்தில் மாட்டியிருந்தால் வெளியே ஒரு கோடுகூடத் தெரியாமல் உள்ளே விரிசல் விட்டிருக்கும். அக்காவிடம் "கார் எங்கேயாவது மோதியதா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்வார். முன்பின் தெரியாதவர் சொல்வார் என்று எப்படி நம்புவது?

வாங்கியதும் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பிளாஸ்டிக்கில் கடிகாரம் மாதிரி சின்ன வட்டம் அச்சில் பதிந்திருக்கும். நடுவில் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம், சுற்றிலும் 1 முதல் 12 வரை மாதங்கள், ஓர் அம்புக்குறி. அது வார்த்த மாதத்தைக் காட்டும். தயாரித்தவர்கள் 6 முதல் 10 வருஷம்வரை ஆயுள் சொல்லுவார்கள், கையேட்டிலோ ஸ்டிக்கரிலோ எழுதியிருக்கும். நம் ஊரில் கார் நாள் முழுக்க வெயிலில் வேகிறது, அதனால் அந்த வருஷக் கணக்கைத் தாண்டி ஒரு நாளும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டிக்கர், பட்டை, பக்கிள், உள்மெத்தை எல்லாம் அதனுடையதாகவே இருக்க வேண்டும். பக்கிளைப் பூட்டித் திறந்து பாருங்கள், காய்ந்த பால் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவலாம், எண்ணெய் விட வேண்டாம். பட்டையை வாஷிங் மெஷினில் போட்டுவிடாதீர்கள். ஈரத்துணியில் சோப்புத் தொட்டுத் துடைத்தால் போதும்.

கேள்வி: மகளுக்குப் பதினோரு மாதம். பின்னோக்கிய சீட்டில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்கிறாள், பார்க்கவே பாவமாக இருக்கிறது. முன்னால் பார்க்கிற மாதிரி திருப்பிவிடலாமா?
– வாசகர், பிறை

பதில்: திருப்பாதீர்கள். பெரியவர்களுக்குத் தலை உடம்பின் நீளத்தில் ஏழில், எட்டில் ஒரு பங்கு. சின்னக் குழந்தைக்குக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அவ்வளவு கனமான தலையைத் தாங்குகிற கழுத்தெலும்பு இன்னும் முழுசாக எலும்பாகவே ஆகவில்லை, பாதி குருத்து. முன்னோக்கி உட்கார்ந்திருக்கும்போது கார் மோதினால் உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. கழுத்துதான் அத்தனை இழுப்பையும் வாங்கும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்து சீட்டின் முதுகில் பதியும். நாம் விழுகிற குழந்தையை உள்ளங்கையை விரித்துத் தாங்குவோமே, அந்த மாதிரி.

ஆர்129 விதியில் 15 மாதத்துக்கு முன் திருப்ப அனுமதியே இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018இல் வயதுக் கணக்கையே விட்டுவிட்டு, சீட் தாங்குகிற எடையும் உயரமும் இருக்கும்வரை பின்னோக்கியே வையுங்கள் என்று சொல்லிவிட்டது. நான் அதைத்தான் சொல்வேன். கால் மடங்கியிருப்பது உங்களுக்குத்தான் பாவமாகத் தெரிகிறது. அவள் வீட்டுத் தரையில் எப்படி உட்கார்ந்து விளையாடுகிறாள் என்று பாருங்கள், காலை மடக்கித்தான். தலை உச்சி சீட்டின் மேல் விளிம்பைத் தொடுகிற மாதிரி வளர்ந்துவிட்டால் அந்த சீட் சின்னதாகிவிட்டது என்று அர்த்தம், அப்போது அடுத்ததைப் பார்க்கலாம்.

கேள்வி: காரிலேயே தூங்கிவிட்டால் குழந்தையை எழுப்பாமல் கூடையோடு தூக்கி வந்து ஹாலில் வைத்துவிடுகிறேன். இரண்டு மணி நேரம்கூட நன்றாகத் தூங்குகிறான். தப்பில்லையே?
– வாசகி, பாயான் பாரு

பதில்: தப்புதான், தங்கச்சி. வீட்டுக்கு வந்ததும் எடுத்துத் தட்டையான படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள். விழித்தால் விழிக்கட்டும். காரின் சீட்டில் கூடை பொருந்தியிருக்கிற சாய்வு வேறு, உங்கள் ஹால் தரையில் அது நிற்கிற சாய்வு வேறு. தலை கவிழ்ந்தால் மூச்சு அடைக்கும். பட்டையைத் தளர்த்திவிட்டுத் தூங்கவிடுவது அதைவிட ஆபத்து, குழந்தை கீழே சறுக்கிப் பட்டையில் கழுத்து மாட்டிக்கொள்ளும். ஈப்போ, கோலாலம்பூர் என்று தூரம் போனாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்விடத்தில் நிறுத்தி வெளியே எடுத்து நீட்டிப் படுக்கவையுங்கள். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு அதைவிட அடிக்கடி. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால், வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே சீட்டில் எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: மார்க்கெட்டில் மீன் வாங்க ஐந்து நிமிஷம்தான். என்ஜினை அணைக்காமல் ஏர்கோன் (ஏசி) போட்டுவிட்டுப் போனால் குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கும், எழுப்பிக் கட்டி அவிழ்க்க வேண்டியதில்லை. கணவர் திட்டுகிறார்.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உங்கள் கணவரின் பக்கம்தான் நான். ஐந்து நிமிஷம் என்று போனால் மீன்காரர் வெட்டிக் கொடுக்கவே பத்து நிமிஷம் ஆகும். என்ஜின் நின்றுபோகலாம், யாராவது காரை ஓட்டிக்கொண்டு போகலாம். என்ஜின் நின்ற கார் வெயிலில் முதல் பத்து நிமிஷத்திலேயே பத்து டிகிரி அளவுக்குச் சூடேறும், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவைத்தாலும் பெரிய வித்தியாசம் இராது. குழந்தையின் உடம்பு நம்முடையதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். பெற்றவர்கள் மறந்துபோய் விட்டுவிட்டு வேலைக்குப் போன செய்திகளை நம் நாட்டிலும் படித்திருக்கிறோம். அவர்களும் பிள்ளைமேல் உயிரை வைத்திருந்தவர்கள்தான். உங்கள் கைப்பையையும் கைப்பேசியையும் எப்போதும் கார் சீட்டின் பக்கத்தில், பின்னால் வையுங்கள். இறங்கும்போது பின் கதவைத் திறந்தே ஆக வேண்டிவரும்.

குழந்தை இல்லாத நேரத்தில் கார் சீட்டின் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுவையுங்கள். பக்கிளின் இரும்பு நாக்கு வெயிலில் காய்ந்து தொடையில் பட்டால் கொப்பளித்துவிடும். பூட்டுவதற்கு முன் உங்கள் புறங்கையில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: எங்களிடம் கார் இல்லை, மோட்டார் சைக்கிள்தான். இரண்டு மாதக் குழந்தையை கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும். மனைவி குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வருகிறாள். மெதுவாகத்தான் ஓட்டுவேன். இதற்கு ஏதாவது சீட் உண்டா?
– வாசகர், நிபோங் தெபால்

பதில்: இல்லை, தம்பி. உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். இருந்தால் எந்தக் கடையில் என்றே எழுதியிருப்பேன். மோட்டாரில் கைக்குழந்தையைப் பாதுகாக்கிற கருவி எதுவும் கிடையாது. தலைக்கவசமும் போட முடியாது, அந்தக் கழுத்து அதைத் தாங்காது. நீங்கள் மெதுவாக ஓட்டுவீர்கள், நம்புகிறேன். உங்களைத் தாண்டிப் போகிறவன் மெதுவாக ஓட்ட வேண்டுமே.

ஆனால் போகவேண்டிய நாட்கள் எண்ணிவிடக்கூடியவை. முதல் ஆறு மாதத்தில் ஐந்து நோய்களுக்கு மேல் சேர்த்துப் போடுகிற பெரிய ஊசிக்கு இரண்டு, மூன்று, ஐந்து மாதத்தில் வரச் சொல்வார்கள். மற்ற தேதிகள் உங்கள் குழந்தையின் கிளினிக் புத்தகத்தில் இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு இப்போதே தேதிகளைக் குறியுங்கள். உறவில், பக்கத்து வீட்டில், வேலையிடத்தில் கார் வைத்திருப்பவர் ஒருவரையாவது கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், குழந்தைக்கு ஊசி போட என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அவருக்கு விடுமுறை என்றைக்கோ அன்றைக்குத் தேதியை மாற்றித் தர முடியுமா என்று கிளினிக்கில் உள்ள தாதியிடம் கேளுங்கள். நிலைமையைச் சொன்னால் தாதிகள் முடிந்ததைச் செய்வார்கள், நான் அவர்களில் ஒருத்தியாக இருந்தவள். கார் சீட்டை மட்டும் யாரிடமாவது அன்றைக்கு இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் அமையாவிட்டால் பேருந்து. உங்கள் மனைவி மழைக்காலத்தில் குழந்தையோடு பேருந்துக்குக் காத்திருப்பது சிரமம்தான், ஆனாலும் மோட்டாரைவிட ஆயிரம் மடங்கு மேல்.

அடுத்த ஊசி எந்தத் தேதி என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் இரவல் தரக்கூடிய சீட் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைப் படித்தால் பத்திரிகை அலுவலகத்துக்குச் சொல்லட்டும், நான் சேர்த்துவைக்கிறேன்.